மைல்கணக்கு சொல்லாத வயது

அமெரிக்காவில் பழைய மினிவேன் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, அது எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்பது. விற்கிறவரும் தயாரிப்பு ஆண்டுக்கு அடுத்தபடியாக அந்த எண்ணைத்தான் சொல்வார். எண் சிறியதாக இருந்தால் விலை ஏறும், பெரியதாக இருந்தால் பேரம் தொடங்கும். ஓடோமீட்டர் அளப்பதோ சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை மட்டும். அந்தச் சுற்றுகள் உப்புநீர் தேங்கிய சாலையில் நடந்தனவா, வேகவழிச் சாலையில் சீராக நடந்தனவா, ஒவ்வொரு நாளும் இரண்டு மைல் தொலைவிலுள்ள பள்ளிக்குப் போய்த் திரும்பியதில் நடந்தனவா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வாகனம் நின்றுகொண்டிருந்த நேரத்தில் நடந்தவை அறவே தெரியாது. பழைய மினிவேன்களில் உயிருக்கு ஆபத்து விளைவித்த பழுதுகளில் பெரும்பகுதி இந்தத் தெரியாத பக்கத்திலிருந்துதான் வந்தது என்பதே என் வாதம். அதற்கான சான்று, குறையுள்ள வாகனங்களை நிறுவனங்கள் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தருகிற ரீகால் அறிவிப்புகளில் இருக்கிறது. வாங்குகிறவர்கள் அவற்றைக் குற்றப்பட்டியலாகப் படிக்கிறார்கள். பொருள்கள் எப்படி மூப்படைகின்றன என்பதை இத்தனை பெரிய எண்ணிக்கையில் பதிவுசெய்த ஆவணங்கள் வேறு அதிகம் இல்லை என்பதால், நான் அவற்றை அறிவியல் பதிவாகப் படிக்கச் சொல்கிறேன்.

மினிவேன் எப்படிப்பட்ட வாகனம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1983-ஆம் ஆண்டின் இறுதியில் கிரைஸ்லர் நிறுவனம் டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் என்ற இரண்டு பெயர்களில் இதை அறிமுகப்படுத்தியது. முன்சக்கர இயக்கக் காரின் அடித்தளத்தை எடுத்து, அதன்மேல் ஏழு பேர் உட்காரக்கூடிய உயரமான உடலைக் கட்டினார்கள். பின்னால் வந்த ஃபோர்டு விண்ட்ஸ்டார், டொயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிஸி எல்லாம் அதே யோசனையின் வழித்தோன்றல்கள்தாம். காரின் உறுப்புகள் காரைவிடக் கனமான உடலைச் சுமக்கின்றன, காரைவிடப் பெரிய கதவுகளைத் தாங்குகின்றன, ஏறி இறங்கும் ஆட்களும் அதிகம். குழந்தைகள் வளர்ந்ததும் முதல் உரிமையாளர் விற்றுவிடுகிறார். அடுத்து வாங்குவது பெரும்பாலும் வருமானம் குறைந்த இன்னொரு குடும்பம். இப்படி மூன்று, நான்கு கைகள் மாறி இருபது ஆண்டு வரை ஓடும் வண்டிகள் ஏராளம். வண்டியின் முதுமைக்காலம் முழுவதும் பின்னிருக்கையில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரைக்கு அவசரம் இருப்பதாக நான் நினைப்பது அதனால்தான்.

விண்ட்ஸ்டாரின் பின்பக்க ஆக்சிலிலிருந்து தொடங்கலாம். முன்சக்கர இயக்க வாகனத்தில் பின் ஆக்சிலுக்கு வண்டியை இழுக்கும் வேலை இல்லை. இரண்டு பின்சக்கரங்களையும் பிடித்துக்கொண்டு, ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது கொஞ்சம் முறுக்கிக்கொடுத்து, மறுபடி நேராக வேண்டும். முறுக்கிக்கொடுக்க வேண்டுமானால் அது மூடிய குழாயாக இருக்கக் கூடாது. மூடிய குழாய் முறுக்கத்தைக் கடுமையாக எதிர்க்கும், ஒரு பக்கம் திறந்த தகடுதான் இணங்கும். ஆகவே கவிழ்த்துப் போட்ட வாய்க்கால் போன்ற வடிவத்தில் எஃகுத் தகட்டை வளைத்து ஆக்சில் செய்தார்கள். பொறியியல் கணக்கில் இது சரியான வடிவம். ஆனால் சாலையிலிருந்து தெறிக்கும் சேறும் உப்பும் போய் ஒட்டிக்கொள்ள இதைவிட வசதியான இடமும் இல்லை. மழைநீர் அதன் உட்புறத்தைக் கழுவாது, வெயில் எட்டாது, வண்டியை நிறுத்திவிட்டுச் சுற்றிவருகிறவரின் கண்ணுக்கும் படாது.

உப்பு எஃகை என்ன செய்கிறது என்பது பரவலாகத் தெரிந்த கதை போலத் தோன்றினாலும், அதன் முக்கியமான பகுதி கவனத்துக்கு வருவதில்லை. துருப்பிடிக்க இரும்பு, ஆக்சிஜன், நீர் மூன்றும் வேண்டும். நீரில் உப்பு கலந்தால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அரிப்பு வினை விரைவுபடும். இதைவிடப் பெரிய கேடு, உப்பு நீரைப் பிடித்துவைத்துக்கொள்வது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கிவிடும். பனி உருக்கப் பயன்படும் மக்னீசியம் குளோரைடுக்கு மூன்றில் ஒரு பங்கு ஈரப்பதமே போதும். எனவே பனி பெய்து முடிந்து சாலை காய்ந்த பிறகும், கொட்டகையில் வண்டி நின்றுகொண்டிருக்கும் வாரம் முழுவதும், ஆக்சிலின் உட்புறம் ஈரமாகவே இருக்கும். வெதுவெதுப்பான கொட்டகையாக இருந்தால் வினை இன்னும் வேகமாக நடக்கும். வண்டியை அக்கறையோடு உள்ளே நிறுத்தியவருக்கே இதில் அதிக நட்டம். அரிப்பு சீராகப் பரவினாலாவது தகடு கொஞ்சம் மெலிந்து போவதோடு நின்றிருக்கும். குளோரைடு அங்கங்கே குழி பறிக்கிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் முறுக்கிக் கொடுக்கும் தகட்டில் குழி விழுந்தால், அதன் அடியில் விசை குவியும், அங்கிருந்து விரிசல் புறப்படும். விரிசல் ஒரு தடைக்கு ஒரு துளியாக நகர்ந்து, ஒரு நாள் ஆக்சிலை இரண்டாக உடைக்கும்.

2010 ஆகஸ்டில் ஃபோர்டு 1998 முதல் 2003 வரையிலான விண்ட்ஸ்டார்களை, அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 5 லட்சத்து 75 ஆயிரம் வண்டிகளை, இந்தக் குறைக்காகத் திரும்ப அழைத்தது. கடைசி விண்ட்ஸ்டார் தயாராகி ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன. அழைப்பு நாடு முழுவதற்கும் போகவில்லை, குளிர்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் மாநிலங்களுக்கே போனது. அடுத்த ஆண்டு அதே வண்டியின் முன்பக்க அடிச்சட்டம் துருப்பிடித்ததற்காக இன்னொரு ரீகால் வந்தது. அரிசோனாவில் இரண்டு லட்சம் மைல் ஓடிய விண்ட்ஸ்டாரின் ஆக்சில் திடமாக இருக்கலாம். ஒஹையோவில் அறுபதாயிரம் மைல் மட்டும் ஓடியதன் ஆக்சில் உள்ளுக்குள் உதிர்ந்துகொண்டிருக்கலாம். சந்தையில் இரண்டாவதற்குத்தான் விலை அதிகம்.

சியன்னாவின் கதையும் இதே வரைபடத்தில்தான் நடந்தது. அதன் ஸ்டெப்னி டயர் வண்டியின் வயிற்றுக்கு அடியில் ஓர் எஃகுக் கம்பிவடத்தில் தொங்குகிறது. உப்பு அந்த வடத்தை அரித்து, ஓடும் வண்டியிலிருந்து டயர் சாலையில் விழுந்து, பின்னால் வருகிறவரைத் தாக்கக்கூடும் என்பதால் 2010 ஏப்ரலில் டொயோட்டா 1998 முதல் 2010 வரையிலான ஆறு லட்சம் சியன்னாக்களை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. இருபது குளிர் மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் விற்கப்பட்ட, அல்லது அப்போது அங்கே பதிவாகியிருந்த வண்டிகளுக்கு மட்டுமே அழைப்பு. இந்த வரையறையில் ஓர் ஓட்டை இருக்கிறது. டெக்சஸில் விற்பனையாகி, மிச்சிகனில் ஆறு குளிர்காலங்களைக் கழித்து, மறுபடி டெக்சஸுக்குத் திரும்பிய வண்டி இரண்டு நிபந்தனைகளுக்குள்ளும் வராது. வண்டிக்குப் பதிவு முகவரி மட்டும் போதாது, அது குளிர்காலங்களைக் கழித்த ஊர்களின் வரலாறும் வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எந்தெந்த ஊரில் குளிர்காலத்தைக் கழித்தது என்பதாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் பனி பெய்யாத தென்மாநில வண்டியாகப் பார்த்து வாங்கிவிட்டால் கவலையில்லையே என்று கேட்கலாம். அந்த மறுப்புக்கு டக்காட்டா ஏர்பேக் பதில் சொல்கிறது. ஏர்பேக்கை ஊதவைப்பது ஒரு சிறு உலோகக் கலத்துக்குள் இருக்கும் வேதிப்பொருள். மோதல் நடந்த கணத்தில் அது எரிந்து, கண் இமைப்பதற்குள் வாயுவாகிப் பையை நிரப்ப வேண்டும். டக்காட்டா நிறுவனம் அதற்கு அமோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. உரமாகவும் பயன்படுகிற, விலை குறைந்த, ஈரத்தை விரும்பி இழுக்கிற பொருள் அது. பெரும்பாலான கலங்களில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் உலர்த்தியைச் சேர்க்கவில்லை. ஆண்டுகள் போகப்போக கலத்தின் மூட்டுகள் வழியே ஈரம் நுழைந்தது. பகலில் வெயிலில் நிற்கும் வண்டியின் முன்பலகை சுடும், இரவில் ஆறும். இந்த ஏற்ற இறக்கம் ஈரத்தை வேதிவில்லைகளுக்குள் இழுத்தும் தள்ளியும், இறுக்கமாக அழுத்திச் செய்த வில்லைகளில் நுண்துளைகளை உண்டாக்கியது. எரிபொருளில் துளைகள் கூடினால் எரியும் பரப்பு கூடும், பரப்பு கூடினால் எரியும் வேகம் கூடும். ஒழுங்காக எரிய வேண்டியது வெடித்து, உலோகக் கலம் சிதறி, அதன் துண்டுகள் ஓட்டுநரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கிப் பாய்ந்தன. அமெரிக்காவில் மட்டும் 25 பேருக்கு மேல் இப்படி இறந்திருக்கிறார்கள், பலரும் உயிர் பிழைத்திருக்கக்கூடிய விபத்துகளில். அந்நாட்டில் ஏறத்தாழ 6 கோடியே 70 லட்சம் கலங்கள் ரீகாலுக்கு உட்பட்டன. 2002 முதல் 2004 வரையிலான ஒடிஸிகளின் ஓட்டுநர் பக்க ஏர்பேக்கும், 2011 முதல் 2014 வரையிலான சியன்னாக்களின் பயணி பக்க ஏர்பேக்கும் அந்தக் கணக்கில் அடக்கம்.

வாகன நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த ஆய்வுக்குழு 2016-இல் மூன்று காரணங்கள் சேர்ந்தே இந்த வெடிப்பை உண்டாக்குவதாகச் சொன்னது: உலர்த்தி இல்லாத அமோனியம் நைட்ரேட், ஈரத்தை உள்ளே விடும் கல அமைப்பு, வெப்ப ஏற்ற இறக்கமும் ஈரமும் மிகுந்த சூழலில் நீண்டகாலம் இருந்தது. மூன்றாவது காரணத்தால், மாற்றுக் கலங்கள் பற்றாக்குறையாக இருந்தபோது அரசு நாட்டை ஆபத்து மண்டலங்களாகப் பிரித்தது. ஃபுளோரிடா, லூயிசியானா, டெக்சஸ், ஹவாய், போர்ட்டோ ரிக்கோ போன்றவை முதல் மண்டலத்தில் வந்தன. இந்த வரைபடத்தை விண்ட்ஸ்டார் வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றொன்றின் மறுபக்கமாகத் தெரியும். உப்பிலிருந்து தப்பிய வண்டியை வெயிலும் ஈரமும் பிடித்துக்கொள்கின்றன. இரண்டிலுமே மைல்களுக்குப் பங்கு மிகக் குறைவு. டக்காட்டா கலத்தைப் பொறுத்தவரை ஓடாமல் மயாமி வெயிலில் நின்ற வண்டியும், தினமும் நூறு மைல் ஓடிய வண்டியும் ஒரே வேகத்தில்தான் மூப்படைகின்றன. மருந்துப் புட்டியில் காலாவதி நாள் அச்சிடுகிற உலகம், உயிர்காக்கும் வெடிபொருளை இருபது ஆண்டு ஓடும் வண்டியில் நாளே குறிக்காமல் வைத்தது எனக்கு இன்றும் ஏற்க முடியாததாக இருக்கிறது.

என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான எடுத்துக்காட்டு ஒடிஸியின் கியர்பாக்ஸ். அது தூரத்தாலும் சுமையாலும் தேய்கிற உறுப்பு, அங்கே மைல்கணக்கு பொருளுள்ளதுதானே என்பார்கள். ஒரு பகுதி உண்மை. 1999 முதல் 2001 வரையிலான ஒடிஸிகளின் தானியங்கி கியர்பாக்ஸ்கள் அடிக்கடி பழுதானதால் ஹோண்டா அவற்றின் உத்தரவாதத்தை ஏழு ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் என்று நீட்டித்தது. அடுத்து வந்த ஐந்து வேக கியர்பாக்ஸில் வேறொரு சிக்கல். 2004 ஏப்ரலில் ஹோண்டா, 2002 முதல் 2004 வரையிலான ஒடிஸிகளையும் வேறு சில ஹோண்டா, அக்யூரா கார்களையும் சேர்த்துச் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சில வகை ஓட்டத்தில் இரண்டாவது கியருக்குப் போதுமான எண்ணெய் போய்ச் சேராமல், அது சூடேறி, பல் உடைந்து, கியர்பாக்ஸ் திடீரென இறுகிவிடக்கூடும் என்பது குறை. வேகமாகப் போகும்போது அப்படி இறுகினால் வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். கனமான மினிவேனில் காரின் கியர்பாக்ஸைப் பொருத்தியதுதான் காரணம் என்று சொல்வது எளிது. ஆனால் அதே ரீகாலில் மினிவேனைவிட எடை குறைந்த அக்கார்டு காரும் இருந்தது. எடை சிக்கலைப் பெரிதாக்கியிருக்கலாம், வேர் எண்ணெய்ப் பாதையில் இருந்தது.

அதைச் சரிசெய்த முறையில் என் வாதத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 15,000 மைலுக்குக் கீழே ஓடிய வண்டிகளுக்கு, எண்ணெயை இரண்டாவது கியருக்குத் திருப்பிவிடும் சிறு மாற்றம் மட்டும் செய்யப்பட்டது. அதைத் தாண்டியவற்றில் மெக்கானிக் கியரின் நிறத்தைப் பார்த்தார். எஃகு அதிகமாகச் சூடேறினால் மேற்பரப்பில் ஆக்சைடுப் படலம் தடித்து, வைக்கோல் மஞ்சள், பழுப்பு, நீலம் என்று நிறம் மாறும். கொல்லன் பட்டறையில் உளியைப் பதப்படுத்துகிறவர் கண்ணால் பார்த்தே சூட்டைச் சொல்வது இந்த நிறத்தை வைத்துத்தான். நிறம் மாறியிருந்தால் முழு கியர்பாக்ஸையும் மாற்றினார்கள், மாறாவிட்டால் எண்ணெய் மாற்றத்தோடு விட்டார்கள். 15,000 மைல் என்ற எல்லை, ஆராயலாமா வேண்டாமா என்று பிரிக்க மட்டுமே பயன்பட்டது. கியரின் விதியை முடிவுசெய்தது அது எத்தனை சூட்டைக் கண்டது என்பது. ஒரே அளவு மைல் ஓடிய இரண்டு வண்டிகளில் ஒன்றின் கியர் வெள்ளையாகவும் இன்னொன்றின் கியர் நீலமாகவும் இருக்கலாம் என்பதால்தான் திறந்து பார்க்கும் வேலையே தேவைப்பட்டது.

ரீகால் பட்டியல் பழுதுகளின் முழுப் பட்டியல் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் தலைமுறை சியன்னாவின் மூன்று லிட்டர் வி6 என்ஜினில், ஆயில் கெட்டியாகிக் கறுத்த களியாக மாறி, நுண்வழிகளை அடைத்து, என்ஜினையே கொன்றது. அது பாதுகாப்புக் குறையாகக் கருதப்படவில்லை, ரீகாலும் வரவில்லை. 2002-இல் டொயோட்டா, 1997 முதல் 2002 வரையிலான பல மாடல்களுக்கு, சுமார் 33 லட்சம் வண்டிகளுக்கு, எட்டு ஆண்டுக்கால ஆதரவுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. உரிமையாளர்கள் ஆயிலை நேரத்தில் மாற்றவில்லை என்பது நிறுவனத்தின் வாதம், நாங்கள் மாற்றினோம் என்பது உரிமையாளர்களின் வாதம். இரண்டு தரப்பும் பேசாத ஒன்று வண்டி ஓடிய விதம். என்ஜின் முழுச் சூட்டை எட்டும் முன்பே நிறுத்தப்படும் குறுகிய பயணங்களில், எரிப்பில் உண்டாகும் நீரும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து, ஆவியாகிப் போக வழியில்லாமல் தங்கிவிடுகின்றன. பள்ளி, கடை, விளையாட்டுத் திடல் என்று சுற்றுகிற மினிவேனுக்கு இதுதான் அன்றாடம். கையேடுகளே குறுந்தூர ஓட்டத்தைக் கடும் பயன்பாடு என்று வகைப்படுத்தி, ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்கின்றன. மெதுவாக ஓடியது, பக்கத்தில் மட்டுமே ஓடியது, பெண்மணி ஒருவர் பள்ளிக்கு மட்டும் ஓட்டியது என்று விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லப்படுவது என்ஜினின் கணக்கில் கடுமையான வாழ்க்கை. பின்னால் வந்த 3.5 லிட்டர் என்ஜினில் ஓர் ஆயில் குழாயின் நடுப்பகுதி ரப்பராக இருந்து, வெடித்து, சில நிமிடங்களில் ஆயில் முழுவதும் வெளியேறியது. அதற்கும் ரீகால் இல்லை, காலவரம்புள்ள சேவைத் திட்டமே வந்தது. அந்தக் காலவரம்பு முடிந்தபின் வாங்கியவர், குழாய் உலோகமாக மாற்றப்பட்டிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சில உறுப்புகளின் வயதை மைலாலும் ஆண்டாலும் அளக்க முடியாது. எத்தனை முறை இயக்கினோம் என்பதே அவற்றின் கணக்கு. மினிவேனின் அடையாளமான கதவுகள் அப்படிப்பட்டவை. 1995-இல் கிரைஸ்லர், 1984 முதல் 1995 வரை தயாரான நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மினிவேன்களின் பின்கதவுத் தாழ்ப்பாளை மாற்றித்தர முன்வந்தது. மோதலில் தாழ் விடுபட்டுப் பின்கதவு திறந்து பயணிகள் வெளியே எறியப்பட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. பல இறப்புகளுக்குப் பிறகே அந்த மாற்றம் வந்தது. கதவைப் போலவே அடிக்கடி இயக்கப்படும் இன்னொரு உறுப்பு கியர்க்கோல். 2013-இல் டொயோட்டா, 2004, 2005, 2007 முதல் 2009 வரையிலான 6 லட்சத்து 15 ஆயிரம் சியன்னாக்களைத் திரும்ப அழைத்தது. பிரேக்கை மிதிக்காமலே கியர்க்கோலை நிறுத்தும் நிலையிலிருந்து நகர்த்திவிட முடியும், வண்டி தானாக உருளும் என்பதற்காக. முன்னிருக்கையில் ஏறி விளையாடும் குழந்தையை நினைத்தால் இது எவ்வளவு பெரிய குறை என்பது புரியும். 2016-இல், 2011 முதல் 2016 வரையிலான சியன்னாக்களின் மின்சாரச் சறுக்குக் கதவுக்காக இன்னொரு ரீகால். பனியில் உறைந்து கதவு திறக்க மறுக்கும்போது மோட்டாரின் மின்சுற்றில் சுமை கூடி ஃப்யூஸ் போய்விடும். அந்த நேரத்தில் தாழ் பாதி விடுபட்ட நிலையில் நின்றுவிட்டால், வண்டி ஓடும்போது கதவு திறந்துகொள்ளும். குழந்தைகள் மிகுந்த வீட்டு வண்டியின் கதவு ஒரே நாளில் எத்தனை முறை திறந்து மூடும் என்று எண்ணிப் பார்த்தால், ஓடோமீட்டர் பக்கத்தில் இன்னொரு எண்காட்டி இருந்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காட்டினால் போதாதா என்பது அடுத்த மறுப்பு. போதாது, ஆனால் காட்ட வேண்டும். லிஃப்டில் ஏற்றி, ஆக்சிலின் உட்புறத்தையும் ஸ்டெப்னி வடத்தையும் விளக்கடித்துப் பார்க்க அவரால் முடியும். டைமிங் பெல்ட்டின் வயதைக் கேட்க முடியும். ஒடிஸியின் வி6 என்ஜினுக்கு அந்த ரப்பர் பெல்ட்டைச் சுமார் 1 லட்சத்து 5 ஆயிரம் மைல் அல்லது ஏழு ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். மைல் குறைவு என்பதால் பதினைந்து ஆண்டு பழைய பெல்ட்டோடு விற்பனைக்கு வரும் வண்டிகள் உண்டு. தயாரித்தவர்களே ஆண்டையும் எழுதியிருக்கும்போது வாங்குகிறவர்கள் மைலை மட்டும் படிப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஸ்டெப்னி டயரின் பக்கவாட்டில் உள்ள எண்வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் எந்த வாரம், எந்த ஆண்டு செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். 2304 என்றால் 2004-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரம். ஒரு மைல்கூட ஓடாத அந்த டயர்தான் பல மினிவேன்களில் மிகப் பழையது. ஆக்சிஜன் ரப்பரை உள்ளிருந்து கடினமாக்கிக்கொண்டே இருக்கும், டயர் உருள வேண்டியதில்லை. இதையெல்லாம் மெக்கானிக் பார்ப்பார். ஏர்பேக் கலத்துக்குள் இருக்கும் வில்லை துளைபட்டிருக்கிறதா என்பதை எந்த மெக்கானிக்காலும் பார்க்க முடியாது. அது சத்தம் போடாது, கசியாது, விளக்கு எரியாது. இந்த வகை ஆபத்தை வண்டியின் பதினேழு எழுத்து, எண் கொண்ட அடையாள எண்தான் காட்டிக்கொடுக்கும்.

ரீகால் நிறைய வந்த வண்டியை வாங்கவே கூடாது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. ரீகால் வந்து பழுது சரிசெய்யப்பட்ட வண்டியில் அந்தக் குறை இல்லை. அதே குறை உள்ள, யாரும் கண்டுபிடிக்காத வண்டியைவிட அது மேல். லட்சக்கணக்கில் விற்று நீண்டகாலம் ஓடுகிற மாடல்களுக்கு ரீகால் அதிகம் வருவதில் வியப்பில்லை, அவைதான் மூப்படையும் வரை ஓடுகின்றன. ஆபத்து, அழைப்பு வந்தும் சரிசெய்யப்படாமல் இருக்கிற வண்டியில். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2011-இல் பார்த்தபோது, 2000 முதல் 2008 வரை திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளில் சராசரியாக 65 சதவீதம் மட்டுமே சரிசெய்யப்பட்டிருந்தன. மூன்றில் ஒன்று அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அழைப்புக் கடிதம் பதிவு அலுவலகத்தில் உள்ள முகவரிக்குப் போகிறது. மூன்றாவது கைக்கு மாறிய வண்டியின் கடிதம் இரண்டாவது உரிமையாளரின் பழைய வீட்டு வாசலில் கிடக்கும். முடிக்கப்படாத ரீகால் உள்ள புது வண்டியை விற்க அமெரிக்கச் சட்டம் தடை விதிக்கிறது. பெரிய வாடகை நிறுவனங்களுக்கும் 2016 முதல் தடை உண்டு. பழைய வண்டி வியாபாரிக்கு அப்படியொரு கூட்டாட்சித் தடை கிடையாது. ஏழைக் குடும்பம் போய் நிற்கும் வாசலில்தான் சட்டம் விலகி நிற்கிறது. இலவசமாகச் சரிசெய்ய வேண்டிய கடமையும் முதல் விற்பனையிலிருந்து பதினைந்து ஆண்டு வரைதான். 2014 முதல் அரசுத் தளத்தில் அடையாள எண்ணைத் தட்டி, முடிக்கப்படாத ரீகால் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். ஆனால் அதுவும் பொதுவாகக் கடந்த பதினைந்து ஆண்டுகளையே காட்டும். ஆகவே இருபது ஆண்டு வண்டிக்கு ரீகால் ஏதுமில்லை என்று திரை சொன்னாலும், அந்த நிறுவனத்தின் டீலரிடம் எண்ணைக் கொடுத்துப் பழைய வரலாற்றைக் கேட்பது நல்லது.

2016 ஜூன் மாதக் கடைசியில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா மாடல்களில் இருந்த டக்காட்டா கலங்கள் மோதலில் வெடித்துச் சிதறும் வாய்ப்பு 50 சதவீதம் வரை இருக்கலாம் என்று சோதனைகள் காட்டியிருந்தன. 2002 ஒடிஸி அந்தப் பட்டியலில் இருந்தது. அவை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட குறையுள்ள வண்டிகள் அல்ல. எல்லாம் 2008-க்கும் 2011-க்கும் இடையில் ஏற்கெனவே திரும்ப அழைக்கப்பட்டவை. பத்தில் ஏழுக்கும் மேல் சரிசெய்யப்பட்டுவிட்டன. மிச்சமிருந்தவை சுமார் 3 லட்சத்து 13 ஆயிரம். அவற்றின் உரிமையாளர்கள் வண்டியை ஓட்டுவதை உடனே நிறுத்திவிட்டு டீலரிடம் கொண்டுபோக வேண்டும், மாற்றுக் கலம் கையிருப்பில் இருக்கிறது, செலவு ஒன்றுமில்லை என்று நிர்வாகம் சொன்னது. அந்த அறிவிப்பு போய்ச் சேர வேண்டிய மூன்று லட்சம் பேரில் பலருக்கு, ஐந்து ஆண்டுக்கு முன்பு வந்த கடிதம் வேறு யாருடைய பெயரிலோ இருந்தது.